எல்.எல்.ஆர் தொடங்கி முதல் ஓவர்டேக் வரை: புதிதாக பைக் ஓட்ட வருகிறவர்களுக்கு

பண்ருட்டியிலிருந்து கடலூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவள் நான். இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்காகக் காத்து நின்று அலுத்துப்போய், 32 வயதில் வீட்டில் சும்மா நின்றிருந்த 110 சிசி பைக்கை ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு மாதத்தில் முடித்திருக்கலாம்.

அது பணமும் நேரமும் போன கதை. லைசென்ஸ் வந்த மூன்றாவது வாரத்தில் நடந்ததுதான் என்னை இதை எழுதவைக்கிறது. நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓவர்டேக் எடுத்தேன். பஸ் உள்ளே நுழைந்துவிட்டது. நான் எதிரே வந்த லாரிக்கு முன்னால் நின்றேன். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். லைசென்ஸ் தேர்வில் எட்டு போடச் சொல்வார்கள், கை சைகை கேட்பார்கள். முந்திச் செல்லத் தெரியுமா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். ரோட்டில் உயிரை வாங்குவது அதுதான். அதனால் அதை நாமேதான் வரிசையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

1. எந்த வகை லைசென்ஸ் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இருசக்கர வாகனத்தில் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரண்டு வகை உண்டு. கியர் இல்லாததற்கு லைசென்ஸ் வாங்கினால் ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டலாம். கியர் உள்ளதற்கு வாங்கினால் இரண்டையும் ஓட்டலாம். நான் ஒரு புரோக்கரிடம் 3,500 ரூபாய் கொடுத்து எல்லாவற்றையும் அவர் கையில் விட்டேன். "ஸ்கூட்டர்ல எட்டு போடுறது ஈஸி மேடம்" என்று சொல்லி அவர் கியர் இல்லாத வகையில் விண்ணப்பித்துவிட்டார். அட்டை வந்த பிறகுதான் என் பைக்குக்கு அது செல்லாது என்று தெரிந்தது. மறுபடி எல்.எல்.ஆர் (பழகுநர் லைசென்ஸ்), மறுபடி 30 நாள், மறுபடி தேர்வு.

கியர் இல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டினால், சட்டப்படி நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். அபராதம் 5,000 ரூபாய். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். வீட்டில் ஸ்கூட்டர்தான் இருக்கிறது என்றாலும் கியர் உள்ள வகைக்கே விண்ணப்பியுங்கள் என்பேன். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

2. எல்.எல்.ஆர்: ஆவணம், கட்டணம், நாள் கணக்கு

கியர் உள்ள பைக்குக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், உடல்தகுதி பற்றி நீங்களே கையெழுத்திடும் படிவம் 1, இவ்வளவுதான் வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ கொடுக்க வேண்டும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய எண் என்றால் ஓடிபி வராது, முதல் படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

மத்திய அரசு விதிப்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், அதன் எழுத்துத் தேர்வுக்கு 50. பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. ஆக 700 ரூபாய், சேவைக் கட்டணங்கள் தனி. நான் புரோக்கருக்குக் கொடுத்ததை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முகவரியை எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள். 2024 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் அட்டை விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. வாடகை வீடு மாறி, பழைய முகவரி ஆதாரில் அப்படியே இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

எல்.எல்.ஆர் கிடைத்த 30 நாளுக்குப் பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். எல்.எல்.ஆர் 6 மாதம் செல்லும். இந்த இடைவெளியில் பைக்கின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது, லைசென்ஸ் உள்ள, உங்களுக்குக் கற்றுத்தருகிற ஒருவரைத் தவிர. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

3. எட்டு போடும் நாள்

கையில் இருக்கவேண்டியவை: எல்.எல்.ஆர், நீங்கள் கொண்டுபோகும் பைக்கின் ஆர்.சி (பதிவுச் சான்று), நடப்பில் இருக்கும் இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஹெல்மெட். பைக் இன்னொருவருடையது என்றால் அவருடைய இன்சூரன்ஸ் தேதியை முந்தின நாளே பாருங்கள். என் முன்னால் நின்ற பையன் மாமாவின் பைக்கைக் கொண்டுவந்து, இன்சூரன்ஸ் முடிந்திருந்ததால் திரும்பிப்போனான்.

எட்டில் கால் தரையில் படக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது. எனக்கு முதல் முறை போனதற்குக் காரணம், முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அடுத்து எங்கே திரும்பவேண்டுமோ அங்கே தலையைத் திருப்புங்கள், வண்டி தானாகப் பின்னால் வரும். முதல் கியர், பாதி கிளட்ச், வேகம் கூடினால் பின் பிரேக்கை லேசாக. முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தால் அப்படியே சாயும். வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு வரைந்து பத்து நாள் சுற்றினேன். இரண்டாம் முறை பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆரின் 6 மாதமும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும், கடைசி மாதத்தில் போய் நிற்காதீர்கள்.

4. ரோட்டில் இறங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

லைசென்ஸ், ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. அரசின் செல்போன் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் அதைக் காட்டலாம். வாட்ஸ்அப்பில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். புது பைக் வாங்கும்போது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 5 ஆண்டுக்குக் கட்டாயமாக வாங்குகிறோம். உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரே ஆண்டில் முடிந்துவிடும். ஐந்து ஆண்டுக்குக் கவலையில்லை என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் வேண்டும். இல்லாவிட்டால் 1,000 ரூபாய். ஐ.எஸ்.ஐ முத்திரையில் 4151 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், நாடாவை மாட்டி இறுக்குங்கள். இன்சூரன்ஸ் இல்லை என்றால் 2,000. மூன்று பேர் போனால் 1,000. விதியை மீறி முந்துவது ஆபத்தாக ஓட்டுதல் என்ற பிரிவுக்குள் வருகிறது. அதற்கு முதல் முறைக்குச் சட்டத்தில் 1,000 முதல் 5,000 வரை அபராதம் உண்டு, சிறைக்கும் இடமிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புதிய தொகைகள்தான்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தால் மறுபடி மாட்டுங்கள். இரண்டும் வேண்டும். அது இல்லாமல் இனி வரும் எதையும் செய்ய முடியாது.

5. ரோட்டுக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நடுவில் விட்டு விட்டுப் போட்ட வெள்ளைக் கோடு: எதிரே காலியாக இருந்தால் தாண்டி முந்தலாம். போகப் போக அந்தத் துண்டுகள் நீண்டு, இடைவெளி சுருங்க ஆரம்பித்தால் முன்னால் வளைவோ மேடோ சந்திப்போ வருகிறது என்று பொருள். முந்திக்கொண்டிருந்தால் முடித்துக்கொள்ளுங்கள், தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள். எனக்கு ஓட்டக் கற்றுத்தந்த என் அண்ணனுக்கே இது தெரியாது.

தொடர்ந்து போகும் கோடு: முந்துவதற்காக அதைத் தாண்டக்கூடாது. வெள்ளையோ மஞ்சளோ, கணக்கு ஒன்றுதான். இரண்டு தொடர் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதைச் சுவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொடர்கோடு, இன்னொன்று விட்டு விட்டு என்று இருந்தால், உங்கள் பக்கம் எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. எதிரே வருகிறவர் தாண்டலாம், நீங்கள் தாண்டக்கூடாது என்ற நிலை வரும்.

இங்கே இரண்டு பொறிகள். ரோடு புதிதாகப் போட்டால் கோடு வரையப் பல வாரம் ஆகும். கோடு இல்லை என்றால் அனுமதி என்று அர்த்தமில்லை. வளைவிலும் மேட்டிலும் குறுகிய பாலத்திலும் ஜீப்ரா கோட்டுக்கு முன்னாலும் முந்தக்கூடாது என்பது கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி. இன்னொன்று மழை. ஜீப்ரா கோடு, அம்புக்குறி, வேகத்தைக் குறைக்க வரிசையாகப் போடும் தடித்த பட்டைகள் எல்லாம் ஈரத்தில் வழுக்கும். அதன்மேல் பிரேக் பிடிக்காமல், வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சிக்னலில் ஜீப்ராவுக்கு முன்னால் இருக்கும் தடித்த கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன் சக்கரம் தாண்டினாலும் கேமரா படம் எடுக்கும், செலான் செல்போனுக்கு வரும்.

6. ஓவர்டேக்: வண்டியை அசைப்பதற்கு முன் கணக்கு

ஒரு பஸ் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 70-இல் முந்துகிறீர்கள். பஸ்ஸின் நீளம் 12 மீட்டர், பின்னால் 15 மீட்டர் இடைவெளி, தாண்டிய பின் முன்னால் 15 மீட்டர். மொத்தம் 42 மீட்டர் அதிகமாகப் போகவேண்டும். வேக வித்தியாசம் 20 தான். ஆகவே கிட்டத்தட்ட 8 விநாடி எதிர்ப்பக்கத்தில் இருப்பீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் 150 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 80-இல் வரும் கார் 170 மீட்டர் வந்திருக்கும். 320 மீட்டர் காலி இடம் தேவை, அதுவும் இருவரும் உரசாமல் தப்பும் அளவுக்குத்தான்.

320 மீட்டர் எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பழக்க ஒரு வழி இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கிலோமீட்டர் கல்லுக்கும் நடுவே 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்கள் நிற்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டர். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு கல்லின் பக்கத்தில் நின்று அடுத்த கல்லைத் தேடிப் பாருங்கள். அதையும் தாண்டி இன்னும் பாதிக்கு மேல் காலியாக இருக்கவேண்டும். நான் நின்று பார்த்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதுவரை நான் முந்தியதெல்லாம் அதில் பாதி தூரத்தில்.

என் பைக் 110 சிசி. 60-இலிருந்து 75-க்குப் போக அது நிறைய நேரம் எடுக்கும், பின்னால் ஆள் இருந்தால் இன்னும் அதிகம். அதனால் என் விதி: வேக வித்தியாசம் 20 கிடைக்காத வண்டியை முந்துவதில்லை. 60-இல் போகும் பஸ்ஸைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போவேன். 25 கிலோமீட்டர் ரோட்டை 50-இல் போனால் 30 நிமிடம், 60-இல் போனால் 25.

7. ஓவர்டேக்: வரிசை

முதலில் பின்னுக்கு இருங்கள். பஸ்ஸின் பின்பக்கத்தை ஒட்டினால் முன்னால் எதுவும் தெரியாது, புகைதான் தெரியும். மூன்று விநாடி இடைவெளி விடுங்கள்: பஸ் ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டும்வரை. பஸ் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. ரோடு இடப்பக்கம் வளையும்போது பஸ்ஸின் இடப்புறம் வழியாக முன்னால் நீளமாகத் தெரியும். பார்ப்பதற்கு மட்டும் அந்தப் பக்கம், முந்துவதற்கு இல்லை.

கோட்டைப் பாருங்கள். எதிரே பாருங்கள். வலப்பக்கம் வயலிலிருந்தோ சந்திலிருந்தோ ரோட்டுக்கு வரும் வழி இருக்கிறதா பாருங்கள். பிறகு வலது கண்ணாடி, அதன்பின் ஒரு நொடி தலையைத் திருப்பித் தோளுக்கு மேல். உங்களை யாராவது முந்த ஆரம்பித்திருந்தால் நீங்கள் நகரக்கூடாது. இண்டிகேட்டர் போடுங்கள், ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள், ஹாரன் அடியுங்கள், இரவென்றால் லைட்டை டிப் அடியுங்கள். பிறகு முழுசாக வெளியே வந்து, ஒரு மீட்டருக்குக் குறையாமல் பக்கத்தில் இடம் விட்டு, இழுக்காமல் தாண்டுங்கள். பெரிய வண்டியின் மூக்கைத் தாண்டும் இடத்தில் காற்று பைக்கைத் தள்ளும், ஹேண்டிலை இறுக்கமாக இல்லாமல் உறுதியாகப் பிடியுங்கள். பஸ்ஸின் இரண்டு ஹெட்லைட்டும் உங்கள் இடது கண்ணாடியில் தெரிந்த பிறகே உள்ளே வாருங்கள். இண்டிகேட்டரை நீங்களே அணைக்க வேண்டும், பெரும்பாலான பைக்கில் அது தானாக அணையாது. எரிந்துகொண்டே இருந்தால் பின்னால் வருகிறவர் நீங்கள் வலப்பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று நினைப்பார்.

இப்போது எனக்கு நடந்தது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், அதன் பின்னால் பஸ், அதன் பின்னால் நான். பஸ் வலப்பக்கம் எடுத்தது. "பஸ்ஸே போகிறது, எதிரே காலியாகத்தான் இருக்கும்" என்று அதன் வாலைப் பிடித்தபடி நானும் போனேன். எதிர்ப்பக்கத்தை என் கண்ணால் நான் பார்க்கவே இல்லை. பஸ் டிரைவர் தனக்குப் போதுமான இடத்தைத்தான் கணக்குப் போட்டிருந்தார், எனக்கும் சேர்த்து இல்லை. அவர் உள்ளே நுழைந்ததும் எனக்கு எதிரே லாரியின் முகம். இடப்பக்கம் டிரெய்லரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்புத் தோகை என் கையில் உரசிக்கொண்டே வந்தது. டிராக்டர் ஓட்டிய பெரியவர் வண்டியை மண்ணில் இறக்கிவிட்டார், அந்த இடைவெளியில் நுழைந்தேன். கொஞ்சதூரம் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றபோது கிளட்ச் பிடிக்கவே விரல் மடங்கவில்லை.

முந்திக்கொண்டிருக்கும் வண்டியின் பின்னால் சேர்ந்து முந்தாதீர்கள். அது உள்ளே போகட்டும். பிறகு உங்களுக்கென்று தனியாகப் பார்த்து, தனியாகக் கணக்குப் போட்டு, போகலாமா என்று முடிவெடுங்கள்.

8. தப்பாகப் புரிந்துகொள்ளும் சைகைகள்

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ஒருவர் "முந்திப் போ" என்கிறார், இன்னொருவர் "எதிரே வண்டி, வராதே" என்கிறார், மூன்றாமவர் உண்மையாகவே வலப்பக்கம் திரும்பப்போகிறார். கிளீனர் கை காட்டினாலும் அவர் கண்ணை நம்பி உங்கள் உயிரை வைக்காதீர்கள். டிராக்டர் பெரும்பாலும் எந்த சைகையும் இல்லாமல் வயல் பாதைக்குத் திரும்பும். வேகம் குறைந்தாலே திரும்பப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரே வருகிறவர் ஹெட்லைட் அடித்தால் "நீ வா" என்று வழிவிடுகிறார் என்று நினைக்காதீர்கள். நம் ரோட்டில் அது "நான் வருகிறேன், ஒதுங்கு". ஒதுங்குங்கள். ஆனால் தார் முடியும் விளிம்பைக் கவனித்து ஒதுங்குங்கள். பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் இறக்கம் இருக்கும். சரிந்து இறங்கிவிட்டால் உடனே ஏற முயலாமல் வேகம் குறைந்த பிறகு நேராக ஏறுங்கள்.

இடப்பக்கம் முந்துவதற்கு விதியில் இடம் உண்டு: முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்ப சைகை காட்டி நடுவுக்கு வந்துவிட்டால் போகலாம். நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கம் மட்டும் எக்காரணத்துக்கும் நுழையாதீர்கள். படியிலிருந்து ஆள் இறங்குவார்.

உங்களை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டக்கூடாது, இதுவும் விதி. கொஞ்சம் குறைத்தே கொடுங்கள்.

9. நான்குவழிச் சாலை, மலை, இரவு

நான்குவழியில் எதிரே வண்டி வராது என்று நம்பிவிடாதீர்கள். ஊர்ப்பக்கம் எதிர்த்திசையில் ஓரமாக வருகிறவர்கள் உண்டு, நடுத்திட்டு இடைவெளியில் திடீரென்று திரும்புகிறவர்கள் உண்டு. சர்வீஸ் ரோடு சேரும் இடத்தில் முந்தாதீர்கள். நான்குவழியில் பைக்குக்கு 80 வரை அனுமதி. சென்னை நகரத்துக்குள் 2023 நவம்பரிலிருந்து இருசக்கர வாகனத்துக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30. சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்தில் தனி வழி இருக்கும்.

மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் முந்தும் பேச்சே வேண்டாம். இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடாதீர்கள்.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் பாதி ரோட்டில் நெல்லும் உளுந்தும் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் உருளும். இரவில் விளக்கில்லாத டிராக்டர், கல் வைத்து மறித்த நெல் குவியல். முதல் மூன்று மாதம் இருட்டிய பிறகு இருவழிச் சாலையில் எதையுமே முந்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. முதல் இரண்டு மாதம் எப்படிப் பழகினேன்

லைசென்ஸ் வந்த பிறகு முதல் இரண்டு வாரம் ஞாயிறு காலை 6 மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில், யாரையும் முந்தாமல் உங்கள் வழக்கமான ரோட்டில் போய்வாருங்கள் என்பேன். கோடு எங்கே தொடர்கிறது, எங்கே உடைகிறது என்று உங்கள் ரோட்டைப் படியுங்கள். அடுத்த இரண்டு வாரம் சைக்கிளையும் மாட்டுவண்டியையும் மட்டும் முந்துங்கள், கண்ணாடி, தோள், இண்டிகேட்டர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. அதன்பின் டிராக்டர், அதுவும் ஒற்றை டிரெய்லர். இரட்டை டிரெய்லர் பஸ்ஸைவிட நீளம். பஸ்ஸும் லாரியும் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு. நான் இதை அந்தப் புளியமரத்தடிக்குப் பிறகுதான் செய்தேன், முதலிலிருந்து.

செல்போனின் முகப்புத் திரையிலேயே வீட்டு எண்ணும் ரத்த வகையும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் 108. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். உங்கள் ரோட்டில் அந்த மருத்துவமனை எது என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.